மாதத்துப் பாட்டு, வருஷத்துப் பாட்டு

பாட்டுக்கும் நினைவுக்கும் உள்ள உறவு எல்லாப் பாட்டுக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சில பாட்டுகள் மாதத்தைக் காட்டும்; எந்த வருஷம் என்று சொல்லாது. சில பாட்டுகள் வருஷத்தைத் துல்லியமாகக் காட்டும். இன்னும் சிலவற்றுக்கு மாதமும் கிடையாது, வருஷமும் கிடையாது. ஒரே ஓர் ஆளின் முகத்தைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு ஓய்ந்துவிடும். கர்னாடக சங்கீதம், நாட்டுப்புறப் பாட்டு, சினிமாப் பாட்டு, பக்திப் பாட்டு என்று இசைத்தட்டுக் கம்பெனிகளும் வானொலி நிலையங்களும் பிரித்துவைத்த வகைகளை நினைவு பொருட்படுத்துவதில்லை. அது தனக்கென்று வேறொரு கணக்கு வைத்திருக்கிறது.

அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளக் கம்பம் பள்ளத்தாக்கு நல்ல இடம். தேனி மாவட்டத்தில் சின்னமனூரை அடுத்திருக்கிற மார்க்கையன்கோட்டைப் பேரூராட்சி அந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. 1895இல் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்ட பிறகு தண்ணீர் நிலைத்த பூமி இது. லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை இருபோகம் விளையும் 14,707 ஏக்கர் வயல்வெளியின் நடுப்பகுதியில் மார்க்கையன்கோட்டை போன்ற ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. மேற்கே மலை ஏறினால் ஏலத்தோட்டம், கேரளம். நெல் வயலின் ஒலியும் மலைச்சாலையின் ஒலியும் கோயில் கொட்டும் சர்ச் மணியும் பாங்கொலியும் சில மைல் சுற்றளவுக்குள் கேட்கும். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருளைச் சொல்லும்போது உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே எண்ணியது. ஒரு நிலத்தின் ஓசையும் அந்த நிலத்தின் விளைபொருள் என்பது தமிழில் பழைய சங்கதி.

மாதத்துப் பாட்டுகளில் முதலாவது ஆடியின் பாட்டு. ஆடி பிறந்தால் அம்மன் பாட்டாக எல்.ஆர். ஈஸ்வரியின் குரல் ஊர் முழுக்க நிறைந்துவிடும். குச்சனூர்ச் சனீஸ்வரன் கோயிலுக்கு ஆடிச் சனிக்கிழமைகளில் கூட்டம் வரும். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா. அக்கினிச்சட்டியும் ஆயிரங்கண் பானையும் எடுத்து வருகிறவர்களுக்கு முன்னால் உறுமியும் தவிலும் முழங்கும். மாரியம்மன் பொங்கலுக்கு முளைப்பாரி போட்ட வீடுகளில் பெண்கள் சுற்றி நின்று தானானே சொல்லிக் கும்மி தட்டுவார்கள். கார்த்திகை பிறந்ததும் பாட்டு மாறும். வடக்கேயிருந்து சபரிமலைக்குப் போகும் வண்டிகளில் பல சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வழியாகக் குமுளி ஏறுகின்றன. இரண்டு மாதம் அந்தச் சாலை நெடுக கே. வீரமணியின் ஐயப்பன் பாட்டுகள் ஓடிக்கொண்டிருக்கும். சன்னிதானத்தில் நடை சாத்தும்போது ஒலிக்கும் ஹரிவராசனம், 1975இல் வெளியான ‘சுவாமி ஐயப்பன்’ படத்துக்காக ஜி. தேவராஜன் மத்தியமாவதியில் அமைத்து யேசுதாஸ் பாடிய மெட்டு. சினிமா மெட்டு ஒன்று கோயிலின் வழிபாடாகவே ஆகிவிட்டது. மார்கழி விடியலில் திருப்பாவை. டிசம்பர் கடைசியில் இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டிப் பக்கம் கிறிஸ்துமஸ் கீதங்கள். ரமலான் வந்தால் உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் நாகூர் இ.எம். ஹனீபாவின் குரல்.

இந்தப் பாட்டுகளைக் கேட்டதும் ஒருவருக்கு எழும் நினைவில் தேதி இருக்காது. அக்கினிச்சட்டியின் சூடு, வேப்பிலை வாசம், ராத்திரி முழுக்க விழித்த கண்ணின் எரிச்சல் எல்லாம் வரும். ஆனால் அது ஆறாம் வகுப்பு படித்த வருஷமா, கல்யாணத்துக்கு அடுத்த வருஷமா என்று கேட்டால் பதில் வராது. ஒரே பாட்டு வருஷந்தோறும் அதே மாதத்தில் திரும்பி வருவதால் ஒரு வருஷத்தின் நினைவு மேல் இன்னொரு வருஷம் படிந்துவிடுகிறது. முப்பது திருவிழாக்கள் சேர்ந்து ஒரே திருவிழாவாகிவிடுகின்றன. இதைக் குறையென்று எண்ண வேண்டியதில்லை. ஊரைவிட்டுத் திருப்பூருக்கோ சென்னைக்கோ போனவர் பேருந்து நிலையத்தில் ஈஸ்வரியின் குரலைக் கேட்டதும் ஊருக்குப் புறப்பட வேண்டுமென்று துடிப்பது இந்தப் படிமானத்தால்தான். குறிப்பிட்ட ஒரு வருஷத்துக்குத் திரும்ப முடியாது. ஆடிக்குத் திரும்பலாம்.

மாதத்துப் பாட்டை ஊர்ப் பாட்டாக்கியது குழாய் ரேடியோ. விசேஷ வீட்டுக்கு ரேடியோ செட்காரர் வந்து இறங்கியதும் முதல் வேலை உயரமான மரத்திலோ கம்பத்திலோ குழாயைக் கட்டுவது. 78 சுற்று இசைத்தட்டில் பக்கத்துக்கு மூன்று நிமிஷம்தான் ஓடும். முள்ளை மாற்றி, தட்டைத் திருப்பி, விடிய விடிய ஒருவர் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும். சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டில் தொடங்கும். கல்யாண வீடென்றால் 1961இல் வந்த ‘பாசமலர்’ படத்தில் எல்.ஆர். ஈஸ்வரி பாடிய கல்யாணப் பாட்டு கட்டாயம் உண்டு. காதுகுத்து, சடங்கு, கோயில் கொடை என்று ஒவ்வொன்றுக்கும் பாட்டு வரிசை ஒன்று தானாகவே அமைந்துவிட்டது. வயலில் களை எடுப்பவர் தூரத்துக் குழாய்ச் சத்தத்தை வைத்தே எந்தத் தெருவில் என்ன விசேஷம் என்று சொல்லிவிடுவார். அழைப்பில்லாதவரும் பாட்டைக் கேட்டார். எந்தத் தெருவுக்குள் யார் செருப்புப் போட்டு நடக்கலாம் என்று வரையறை வைத்திருந்த ஊர்களிலும் குழாயின் சத்தம் எல்லாத் தெருவுக்குள்ளும் போனது.

பறைக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. இதைச் சொல்லாமல் கிராமத்து இசையின் நினைவை எழுதுவது பாதி உண்மையை எழுதுவதாகும். ஒரு தெருவுக்குக் கொட்டுச் சத்தம் என்றால் திருவிழாவின் உற்சாகம். இன்னொரு தெருவுக்கு, கூப்பிட்ட நேரத்துக்குப் போய், எழவு வீட்டு வாசலில் வெயிலில் நின்று, கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்த தகப்பனின் நினைவு. அதனால்தான் சாவுக்குப் பறை அடிப்பதில்லை என்று பல ஊர்களில் முடிவெடுத்தார்கள். அதே பறையை அரங்கில் நிமிர்ந்து நின்று அடிக்கும் இளைஞர் குழுக்கள் இன்று தமிழ்நாடெங்கும் இருக்கின்றன. அடி மாறவில்லை, நிற்கும் இடம் மாறியிருக்கிறது. அந்தப் பிள்ளைகளின் நினைவும் வேறாக அமையும்.

வருஷத்துப் பாட்டு என்பது பெரும்பாலும் சினிமாப் பாட்டு. ஒரு படம் வரும். அதன் பாட்டு நூறு நாள் ஊரை ஆளும். அடுத்த படம் வந்து அதைத் தள்ளிவிடும். அடிக்கடி கேட்கப்படாமல் போவதாலேயே அந்தப் பாட்டு தன் வருஷத்தைக் கலப்படமில்லாமல் வைத்திருக்கிறது. எப்போதும் கேட்கிற பாட்டில் எல்லாக் காலமும் கலந்துவிடும். இருபது வருஷம் காதில் விழாத சாதாரணப் பாட்டு ஒன்று தேநீர்க் கடையில் திடீரென்று ஒலித்தால், எந்த வகுப்பு, எந்தச் சட்டை, பக்கத்தில் நின்றவர் யார் என்பது வரை வந்துவிடும். நல்ல பாட்டு, கெட்ட பாட்டு என்ற தராதரம் இங்கே செல்லாது.

பாட்டு வயதோடு ஒட்டிக்கொள்வதை உளவியலாளர்களும் கவனித்திருக்கிறார்கள். ஏறக்குறைய பத்து வயது முதல் முப்பது வயதுக்குள் நடந்தவைதான் முதுமையில் அதிகமாக நினைவுக்கு வருகின்றன. அந்த வயதில் கேட்ட பாட்டுக்கும் இது பொருந்தும். அமெரிக்காவில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த பீட்டர் ஜனாட்டா 2009இல் வெளியிட்ட ஆய்வு, பழகிய பாட்டு கேட்பவரின் வாழ்க்கை நினைவைக் கிளப்பும்போது நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதி வேலை செய்வதைப் படமெடுத்துக் காட்டியது. மறதி நோயில் அந்தப் பகுதி ஒப்பீட்டளவில் தாமதமாகத்தான் பாதிக்கப்படுகிறது. பிள்ளைகளின் பெயரை மறந்துவிட்ட முதியவர் பழைய பாட்டொன்றை அடி பிசகாமல் பாடுவது இதனாலாக இருக்கலாம்.

பள்ளத்தாக்குக்கு வருஷத்துப் பாட்டுகளைக் கொண்டுவந்ததில் இலங்கை வானொலிக்குப் பெரும்பங்கு உண்டு. 1952 முதல் 1962 வரை மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சராயிருந்த பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு பிடிக்காது. அவர் காலத்தில் அகில இந்திய வானொலியில் அது ஒதுக்கப்பட, கேட்பவர்கள் கொழும்புப் பக்கம் முள்ளைத் திருப்பினார்கள். 1957இல் விவித பாரதி வந்த பிறகும் அந்தப் பழக்கம் தென் மாவட்டங்களில் விடவில்லை. காலையில் ‘பொங்கும் பூம்புனல்’, பிறகு கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது ஆகியோரின் தமிழ் உச்சரிப்பு என்று ஒரு தலைமுறையின் காதைக் கடலுக்கு அப்பாலிருந்த நிலையம் பழக்கியது. பின்னாளில் கொடைக்கானல் பண்பலை 100.5இல் அந்த இடத்தைப் பிடித்தது. மலை மேலிருந்து வருவதால் வயலில் நின்றாலும் தெளிவாகக் கேட்கும்.

டூரிங் டாக்கீஸ்களும் வருஷத்துப் பாட்டுகளைக் கொண்டுவந்தன. படம் தொடங்குமுன் குழாயில் சாமி பாட்டு போடுவார்கள். அது கேட்டால் டிக்கெட் கொடுக்கப்போகிறார்கள் என்று அர்த்தம். சோற்றுத் தட்டோடு எழுந்து ஓடியவர்கள் உண்டு.

மார்க்கையன்கோட்டை இருக்கிற அதே உத்தமபாளையம் வட்டத்தில், மலையடிவாரத்தில் இருக்கிறது பண்ணைப்புரம். அங்கே பிறந்த பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடியவர். மக்கள் வாயில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த சினிமா மெட்டிலும் தெம்மாங்கிலும் கூலி, நிலம், விலைவாசி பற்றிய சொற்களை ஏற்றிப் பாடுவது அவருடைய முறை. 1958இல் கேரளத்துத் தேவிகுளம் தொகுதிக்கு இடைத்தேர்தல் நடந்தது. கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ். தேயிலைத் தோட்டத் தொழிலாளரில் மிகப் பலர் தமிழர்கள். மலையாளப் பேச்சு எட்டாத லயன் வீடுகளுக்குத் தமிழ்ப் பாட்டு எட்டியது. பாவலர் மலையேறிப் பாடினார், ரோசம்மா வென்றார். அந்தப் பயணத்தில் அண்ணனோடு போன சிறுவன், 1943இல் பிறந்த ராசையா. பிறகு அண்ணன் தம்பிகள் சேர்ந்து பாவலர் குழுவாக ஊர் ஊராகப் போனார்கள்.

பாவலரின் முறையில் நினைவைப் பற்றிய நுட்பமொன்று இருக்கிறது. மெட்டு ஒன்றுதான், கொட்டகையில் கேட்டவருக்கு அது கதாநாயகியின் பாட்டு, செங்கொடி மேடையில் கேட்டவருக்கு அது கூலி உயர்வுப் பாட்டு. இரண்டு இடத்திலும் கேட்டவருக்கு ஒன்று மற்றதைக் கிளப்பிவிடும். நாகூர் ஹனீபாவின் குரலுக்கும் இந்த இரட்டைத்தன்மை உண்டு. இஸ்லாமிய பக்திப் பாட்டுகளை எந்தக் குரலில் பாடினாரோ அதே குரலில் திராவிட முன்னேற்றக் கழக மேடைகளிலும் பாடினார். ஒரு வீட்டில் அவர் குரல் நோன்பு, அடுத்த வீட்டில் தேர்தல்.

ராசையா சென்னைக்குப் போய், தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்று, ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராயிருந்து, இளையராஜாவாக 1976இல் ‘அன்னக்கிளி’க்கு இசையமைத்தார். அந்தப் படத்தின் பாட்டுகள் வந்தபோது தென் மாவட்டத்துக்காரர்கள் கேட்டது தங்கள் வயலில் ஏற்கெனவே இருந்த ஒன்றை. வாய்விட்டுப் பாடினால் யாரும் மதிக்காத மெட்டு, எஸ். ஜானகியின் குரலில், கிட்டாரும் வயலின்களும் புடைசூழ, இலங்கை வானொலி வரை போய்த் திரும்பி வந்தது. அடுத்த வருஷம் ‘16 வயதினிலே’; இயக்கியவர் தேனி அல்லிநகரத்துப் பாரதிராஜா. 1976, 1977 என்ற எண்கள் இந்தப் பகுதியில் அப்போது வாலிபமாயிருந்தவர்களுக்குத் தங்கள் சொந்தச் சரித்திரத்தின் தேதிகள். அதற்கு முன்னாலும் கிராமிய மெட்டுகள் சினிமாவில் வந்திருக்கின்றன. பெரும்பாலும் அவை வேடிக்கைக் காட்சிக்கோ கூட்டப் பாட்டுக்கோ வந்தவை. கதாநாயகியின் தனிமைக்கும் காதலுக்கும் அந்த மெட்டை நம்பிக் கொடுத்தது பெரிய காரியம்.

சாஸ்திரிய சங்கீதம் இந்த ஊர்களுக்குச் சபா வழியாக வரவில்லை. நாதஸ்வரம் வழியாகவும் நாடகம் வழியாகவும் வந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய ‘வள்ளி திருமணம்’ திருவிழா இரவுகளில் ஸ்பெஷல் நாடகமாக நடக்கும். மதுரையிலிருந்து வரும் நடிகர்கள், ஒருவர் ஹார்மோனியத்தில், ஒருவர் மிருதங்கத்தில். நாரதரும் வள்ளியும் விடிய விடியத் தர்க்கம் செய்வார்கள். மோகனமும் கல்யாணியும் காம்போதியும் பெயர் தெரியாமலே உழவர்களின் காதில் ஏறியது அங்கேதான். பெயர் தெரியாததால் ரசனை குறைந்துவிடவில்லை. சுதி விலகினால் கூட்டம் முகம் சுளிக்கும். 1985இல் வந்த ‘சிந்துபைரவி’யில் கே.எஸ். சித்ரா பாடிய பாட்டில் கிராமத்து மெட்டு ஒன்று மெல்ல நகர்ந்து தியாகராஜரின் ‘மரி மரி நின்னே’யில் போய்ச் சேருகிறது. வழக்கமாகக் காம்போதியில் பாடப்படும் அந்தக் கிருதியை இளையராஜா சாரமதிக்கு மாற்றினார். இரண்டும் ஒரே ராகத்தில் கைகோத்தன. இசையமைப்பாளருக்கும் பாடகிக்கும் தேசிய விருது கிடைத்தது. சபாக்களில் அதை வாதத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். நாடக மேடைக்கு முன்னால் சாக்கு விரித்து உட்கார்ந்து வளர்ந்தவர்களுக்கு அதில் வாதம் ஒன்றும் இல்லை.

மூன்றாவது வகை, ஆளின் பாட்டு. தாலாட்டு, ஒப்பாரி, நடவுப் பாட்டு. இவற்றுக்கு இசைத்தட்டு கிடையாது, பாடகர் பெயரும் அச்சில் கிடையாது. தாலாட்டில் குழந்தைக்குச் சீர் கொண்டுவரும் மாமன்மார் வரிசை வரும்; அந்த வரிசை அந்த வீட்டுக்கு மட்டுமே உரியது. ஒப்பாரியில் செத்தவரின் வாழ்க்கையே வரும்: எந்தக் கிணறு வெட்டினார், எந்தப் பிள்ளையைக் கரையேற்றினார், எந்தக் கடனோடு போனார் என்பதெல்லாம். ஒப்பாரியில் கைதேர்ந்த பெண் எழவு வீட்டு வாசலில் நுழையும்போதே முதல் அடியைக் கட்டிவிடுவார். அதைக் கேட்டவர்களுக்கு அந்த மெட்டு ஆயுள் முழுக்கச் செத்தவரோடு ஒட்டிக்கொள்ளும், பாடியவரோடும் ஒட்டிக்கொள்ளும். அவரும் போனபின் இன்னொருவர் அதே மெட்டை எடுத்தால், கேட்பவர்கள் அழுவது இரண்டு பேருக்காகவும்.

நடவுப் பாட்டு வேலையோடு பிறந்தது. இருபது பெண்கள் குனிந்து வரிசையாக நாற்று நடும்போது ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர் வாங்கிப் பாடுவது இடுப்பு வலிக்கு மருந்து, கைவேகத்துக்குத் தாளம். களைக்கொல்லி வந்ததும் களையெடுப்புக் குறைந்தது. நடவு இயந்திரம் வரும் இடங்களில் வரிசை நிற்கிறது. கூலிக்கு மலையேறுகிறவர்கள் விடியுமுன்னே ஜீப்பில் ஏறிப் போகிறார்கள், ஜீப்பில் வேறு பாட்டு ஓடும். வேலை போனால் அதன் பாட்டும் போகும்.

விருப்பப் பாட்டு என்ற எண்ணமே ஊருக்குக் கேசட்டோடுதான் வலுவாக வந்தது என்று சொல்லலாம். அதுவரை குழாயும் வானொலியும் கொடுத்ததைக் கேட்டார்கள். எண்பதுகளில் ரெக்கார்டிங் கடைக்காரரிடம் வெற்றுக் கேசட்டையும், ஒரு தாளில் எழுதிய பாட்டுப் பட்டியலையும் கொடுத்துவிட்டு வந்தால் இரண்டு நாளில் பதிந்து தருவார். அறுபது நிமிஷக் கேசட்டில் பன்னிரண்டு, பதின்மூன்று பாட்டுக்கு மேல் இடமில்லை. அதனால் எதை விடுவது என்று யோசித்தார்கள். பட்டியலில் ஹனீபாவும் இருப்பார், டி.எம். சௌந்தரராஜனின் முருகன் பாட்டும் இருக்கும், இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ (1986) வயலினும் இருக்கும். டேப் சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்றிச் சரிசெய்வார்கள். பெண்ணுக்குக் கொடுக்க முடியாத கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டைக் கொடுத்தவர்கள் இந்தப் பள்ளத்தாக்கில் நிறைய. கைப்பேசி வந்தபின் பட்டியலுக்கு எல்லையில்லாமல் போயிற்று, கேட்பதும் காதுக்குள் போயிற்று. சுதந்திரம் பெரிதுதான். ஆனால் ஒருவர் மட்டும் கேட்ட பாட்டின் நினைவை உறுதி செய்ய இன்னொருவர் இருக்கமாட்டார். குழாயில் கேட்ட பாட்டுக்கு ஊரே சாட்சி.

இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்த இசை கடல் தாண்டியும் போயிருக்கிறது. 2025 மார்ச் 8ஆம் தேதி லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனியை அரங்கேற்றியது. அதற்கு முந்தைய வருஷம் ஜனவரியில் அவர் மகள் பவதாரிணி இறந்தபோது உடல் லோயர்கேம்ப்புக்குக் கொண்டுவரப்பட்டது; பாட்டி சின்னத்தாய், தாய் ஜீவா ஆகியோரின் நினைவிடங்களுக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டது. லண்டன் வரை இசை போனாலும், குடும்பத்தின் துக்கம் இந்தப் பள்ளத்தாக்குக்குத்தான் திரும்பியது.

இசைத்தட்டில் ஏறிய பாட்டுகளைப் பற்றிக் கவலையில்லை. அவை எங்கேயாவது இருக்கும். தட்டில் ஏறாதவை பற்றித்தான் கவலை. பெர்சி மக்வீன் திரட்டிய பாட்டுகளை கி.வா. ஜகந்நாதன் ‘மலையருவி’ என்று 1958இல் பதிப்பித்தார். நா. வானமாமலை 1964இல் ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ தொகுப்பைக் கொண்டுவந்தார். அந்தப் புத்தகங்களில் சொற்கள் பிழைத்தன; குரலும் மெட்டும் தாளில் நிற்கவில்லை. அன்று ஒலிப்பதிவுக் கருவி அரிது. இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் அது இருக்கிறது. மார்க்கையன்கோட்டையிலோ வேறெந்த ஊரிலோ, நடவில் எடுத்துக்கொடுத்துப் பாடிய அப்பத்தாவோ அம்மாச்சியோ வீட்டில் இருந்தால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாடச் சொல்லிக் கேளுங்கள். பாடியவர் பெயர், ஊர், யாரிடம் கற்றார், எந்த வேலைக்குப் பாடியது, பதிந்த தேதி ஆகிய ஐந்தையும் அந்தப் பதிவிலேயே வாயால் சொல்லி வைத்துவிடுங்கள்.